சதிர் பழக வரும் பிள்ளைகளுக்கு

தஞ்சாவூரில் பரதம் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளும், கூட வருகிற அம்மாக்களும் கேட்கிற முதல் கேள்வி, அரங்கேற்றம் எப்போது என்பதுதான். அதை வாத்தியாரிடம் கேளுங்கள். நான் ஆட்டத்துக்குப் பாடியே வயதானவள். முன்வரிசையில் இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத சில சங்கதிகள், பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறவளுக்குத் தெரியும். அவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் பாடக் கற்றுக்கொள். கச்சேரிக் குரல் வேண்டாம். நீ ஆடப்போகிற வர்ணத்தைக் கையில் தாளம் போட்டுக்கொண்டு, சாகித்தியம் பிசகாமல் பாட வந்தால் போதும். பாலசரஸ்வதி அம்மாவின் (1918–1984) வீட்டில் ஆட்டமும் பாட்டும் ஒரே சமையலறையில் வெந்தவை. அவர் பிறந்தது சென்னையில் என்றாலும், முன்னோர்கள் தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியும் பாடியும் இருந்தவர்கள். பாட்டி வீணை தனம்மாள். அம்மா ஜெயம்மாள் மேடையில் மகளுக்குப் பாடியவர். சொல்லிக்கொடுத்த கந்தப்ப பிள்ளை, தஞ்சை நால்வர் வழிவந்தவர், நால்வரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பதம் ஆடும்போது அந்த அம்மா தானே வாய்விட்டுப் பாடவும் செய்வார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வாங்கிக்கொண்டிருந்த சங்கீத கலாநிதி பட்டத்தைச் சென்னை மியூசிக் அகாதெமி 1973-ல் அவருக்குக் கொடுத்தது. ஆடுகிறவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை. சத்யஜித் ராய் 1976-ல் அவரைப் பற்றி எடுத்த ‘பாலா’ படத்தை முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேள். இரண்டாம் தடவை பார்.

2. தட்டடவின் முதல் காலத்தைப் பொறுமையாகச் செய். மூன்றாம் காலத்தில் யாரும் தப்பித்துக்கொள்ளலாம், வேகம் மறைத்துவிடும். முதல் காலத்தில் அரைமண்டி எழும்புவதும் தாளம் இழுபடுவதும் அப்படியே தெரியும்.

3. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று நீ ஆடுகிற வரிசையைக் கட்டிக்கொடுத்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர். மேல வீதிப் பக்கம் போனால் அவர்கள் குடும்பத்து வீட்டைப் பார்க்கலாம். நட்டுவனார்கள் என்றுதான் அவர்களைச் சொல்கிறோம். ஆனால் முத்துசுவாமி தீட்சிதரிடம் பாடம் கேட்ட சங்கீதக்காரர்கள் அவர்கள். வடிவேலு, வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிடிலை நம் பாட்டுக்குப் பழக்கியவர்களில் ஒருவர். 1834-ல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன பிடில் பரிசளித்தார். அந்தக் குடும்பத்து கே.பி. கிட்டப்பா பிள்ளையும் பாடகராக இருந்து பிறகு நட்டுவாங்கத்துக்கு வந்தவர்தான். ஆக, ‘எனக்குப் பாட்டு வராது, ஆட்டம் மட்டும் போதும்’ என்று என்னிடம் சொல்லாதே.

4. பதத்துக்குத்தான் நிறைய நாள் வேண்டும். பல்லவியின் ஒரே வரியை நான் திரும்பத் திரும்பப் பாடுவேன். எத்தனை தடவை என்பது நமக்குள் ஒப்பந்தம் இல்லை. நீ தோழியிடம் புலம்புகிறாய். புலம்பல் முடியவில்லை என்று உன் தோள் சொல்லும், நான் வரியை மறுபடி எடுப்பேன். நான் ஒரு சங்கதியை மேலே கொண்டுபோய் நிறுத்தினால் உன் கண்ணும் அங்கே நிற்க வேண்டும். ஒத்திகையில் ‘அக்கா, ஆறு தடவை பாடுங்க’ என்று எண்ணிக்கொடுக்கிற பிள்ளைகள் இப்போது நிறைய. எண்ணிப் பாடினால் எண்ணிக்கைதான் மேடைக்கு வரும்.

க்ஷேத்ரய்யா பதங்கள் தெலுங்கு. விஜயராகவ நாயக்கர் காலத்தில் தஞ்சாவூருக்கு வந்து போனவர் அவர். அர்த்தம் தெரியாமல் முகத்தைச் சுளிப்பதைவிட, சீர்காழி முத்துத்தாண்டவர், வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராமய்யர் பதங்களில் தொடங்கு. இரண்டு பேரும் நம் காவிரிப் பக்கத்துக்காரர்கள், தமிழில் பாடியவர்கள்.

5. ஒரு பிள்ளை, பரதம் ஆடுவாள், வயலினும் வாசிப்பாள், போனில் அர்ஜென்டினா டாங்கோ பார்த்துவிட்டுப் பித்துப் பிடித்துத் திரிந்தாள். வீட்டில் திட்டு. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பான்டோனியன் என்று துருத்தி வைத்த ஒரு பெட்டி, ஜெர்மனியில் பிறந்ததாம், கூட வயலின்கள். ஜோடிகள் ஒருவரை ஒருவர் அணைத்தபடி, கூடத்தைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடக்கிறார்கள். அடுத்த அடி என்ன என்று முன்னமே தீர்மானிப்பதில்லை. பாட்டு நின்றால் நிற்கிறார்கள், இழுத்தால் இழுக்கிறார்கள். வாயால் கூப்பிடாமல் கண்ணாலேயே ஆட்டத்துக்கு அழைப்பார்களாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. ‘கற்றுக்கொள், ஆனால் அந்தக் காதை இங்கேயும் கொண்டுவா’ என்றேன். பிடில் வெள்ளைக்காரனிடமிருந்து வந்து நமக்கு என்ன கெட்டுப்போயிற்று? இரண்டையும் கலந்து புதிதாக ஒன்றைக் காட்டுகிறேன் என்று மட்டும் மேடை ஏறிவிடாதே. ஒன்றாவது முழுசாக வரட்டும்.

6. ஆட்டத்தின் கதையைத் தெரிந்துகொள். டாங்கோ பியூனஸ் அயர்ஸ், மான்டிவிடியோ துறைமுகச் சேரிகளில் வளர்ந்தது. பெரிய வீட்டார் முகம் சுளித்தார்கள். 1913 வாக்கில் பாரிஸ் கொண்டாடிய பிறகு அதே வீட்டார் கூடத்தில் ஆடினார்கள். 2009-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. சதிருக்கும் அந்தச் சுளிப்பு நடந்தது. இங்கே ஒரு வித்தியாசம். 1931-ல் மியூசிக் அகாதெமியில் ஆடிய ராஜலட்சுமியும் ஜீவரத்தினமும் மாயவரத்துக்குப் பக்கத்துத் திருவாளப்புத்தூர் கல்யாணியின் பிள்ளைகள், சதிரைக் காப்பாற்றி வைத்திருந்த வீட்டுப் பெண்கள். பிறகு சதிர் என்ற பெயர் பரதநாட்டியம் என்று மாறியது, பெரிய இடத்துப் பெண்கள் வந்தார்கள், 1947-ல் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டத்துக்குக் கிடைத்த மரியாதை, அதைக் காப்பாற்றி வைத்திருந்த வீடுகளுக்கு வந்து சேரவில்லை. உன் பதம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று வாத்தியாரிடம் கேட்டு, அந்த வீட்டு அம்மாவின் பெயரை மேடையில் சொல்லு.

7. பெரிய கோயிலுக்குப் போனால் கரணச் சிற்பங்களைத்தான் எல்லாரும் கேட்பார்கள். மேல்தளத்தில் 81 இருக்கின்றன, 108 நிறைவேறவில்லை. நீ வடக்கு மதிலின் வெளிப்புறத்தைப் பார். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர் அங்கே வெட்டியிருக்கிறது. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில், அதாவது எந்தத் தெரு வரிசையில், எத்தனையாவது வீடு, எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். நட்டுவம் செய்தவருக்கு இரண்டு பங்கு. கலக் கணக்கு தெரிந்த தாத்தா யாராவது வீட்டில் இருந்தால் கேட்டுப் பார், சின்னக் கூலி இல்லை என்பார். இன்றைக்கு மேடை கொடுக்கிறவனுக்கு ஆடுகிறவளே பணம் கட்டுகிறாள். அப்படிக் கட்டி ஆடாதே.

8. சிவராத்திரி சமயம் ஊர் ஊராக நாட்டியாஞ்சலி. ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான், அதனால் பென் டிரைவில் பாட்டைப் போட்டு ஆடுகிறார்கள். சலங்கை அவிழ்ந்தாலும் பென் டிரைவ் நிற்காது. வழியில்லை என்றால் ஆடிக்கொள், குற்றம் சொல்லமாட்டேன். முன்பெல்லாம் சின்ன மேளம் என்ற சதிர்க் குழுவில் பாடுகிறவரும், மிருதங்கம் வாசிக்கிற முட்டுக்காரரும் ஆடுகிறவளுக்குப் பின்னாலேயே நின்று, அவள் நகர நகர நகருவார்கள். அவள் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழும். வருஷத்தில் ஒரு நிகழ்ச்சியாவது ஆளை வைத்துப் பாடச் சொல்லி ஆடு.

9. அப்படி வைத்தால், பாடினவருக்கும் மிருதங்கக்காரருக்கும் உரிய பணத்தைக் கவரில் போட்டு, அன்றைக்கே, மேக்கப் கலைப்பதற்கு முன்னால் கொடுத்துவிடு. ‘ஜிபே பண்ணிடறேங்க’ என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் பட்டியல் என்னிடம் நீளமாக இருக்கிறது.