மெமோ வருமாம்!

ஜூன் பிறந்தால் திருப்பூரில் இந்தப் பேச்சும் பிறந்துவிடுகிறது. "ஆதாரும் டி.சி.யும் இல்லாத வெளிமாநிலப் பிள்ளையைச் சேர்த்தால் ஹெச்.எம்.முக்கு மெமோ வரும்." பனியன் கம்பெனிக்கு ஆள் கூட்டிவரும் காண்ட்ராக்டர் சொல்கிறார். லைன் வீட்டுக்காரர் சொல்கிறார். பேரனைப் பள்ளியில் விட வந்த பாட்டி சொல்கிறார். அவர்களை விட்டுவிடலாம். கல்வித் துறையில் சம்பளம் வாங்குகிறவர்களே சொல்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். மெமோ எதற்கெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும். சத்துணவு முட்டைக் கணக்கு இடித்தால் வரும். கேட்ட புள்ளிவிவரம் கேட்ட நேரத்துக்குள் போகாவிட்டால் வரும். பிள்ளையைச் சேர்த்த குற்றத்துக்காக மெமோ வாங்கிய ஒரே ஒரு தலைமையாசிரியரைக் காட்டுங்கள், நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இத்தனை காலத்தில் அதை ஒருமுறையாவது முழுசாகப் படித்திருந்தால் இந்தக் கதை எப்போதோ செத்திருக்கும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. பிறப்புச் சான்றிதழ் இல்லையா, ஆஸ்பத்திரிப் பதிவு போதும். அதுவும் இல்லையா, அங்கன்வாடிப் பதிவு. எதுவுமே இல்லையென்றால், பிள்ளைக்கு இன்ன வயது என்று பெற்றவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. கைநாட்டுக்காரராக இருந்தால் எழுதிக்கொடுக்கக்கூட நாம்தான் உதவ வேண்டும்.

டி.சி. என்கிற மாற்றுச் சான்றிதழுக்கு வருவோம். பழைய பள்ளியிலிருந்து டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்று 5-ஆவது பிரிவு சொல்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. கேட்டவுடன் டி.சி. கொடுக்காமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். ஆக, மெமோ உண்டுதான் ஐயா. சேர்த்தவருக்கு இல்லை, இழுத்தடித்தவருக்கு!

ஆதார்? 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. 6 முதல் 14 வயது வரை கல்வி என்பது அரசு போடும் மானியம் அல்ல, அடிப்படை உரிமை. எனவே பள்ளியில் சேர ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது. இதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்: "சார், எமிஸ் ஏத்துக்காதே!" எமிஸ் என்பது கல்வித் துறையின் கணினிப் பதிவு, அவ்வளவுதான். சேர்க்கைப் பதிவேட்டில் முதலில் பெயரை எழுதுங்கள். பிள்ளையை வகுப்பில் உட்கார வையுங்கள், மத்தியானம் சோறு போடுங்கள். கணினியில் காலியாக நிற்கும் கட்டத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். அதற்காகப் பிள்ளையை வாசலில் நிறுத்தலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

"அட்மிஷன் முடிஞ்சுபோச்சு, அடுத்த வருஷம் வாங்க" என்பதும் இதே குடும்பத்துப் பொய். சேர்க்கைக் காலம் கடந்து வந்தாலும் மறுக்கக் கூடாது என்கிறது 15-ஆவது பிரிவு. ஒடிசாவின் பலாங்கிர், நுவாபடா பக்கத்துக் குடும்பங்கள் ஊரில் நுவாகாய் பண்டிகை முடிந்து, தரகரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்குக் கிளம்புகின்றன. இங்கே வந்து இறங்கும்போது நமக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்கியிருக்கும். அடுத்த மழைக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவார்கள். அவர்களிடம் போய் ஜூனில் வா என்றால், வரவே வராதே என்று அர்த்தம். இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளின் சேர்க்கையை உறுதிசெய்வது உள்ளாட்சியின் கடமை என்று 9-ஆவது பிரிவு தனியாகவே எழுதிவைத்திருக்கிறது. கவனியுங்கள், கடமை. பெற்றோர் வந்து கெஞ்ச வேண்டியதில்லை. நாம் லைன் வீடுகளுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். அடுத்த வருடம் என்று திருப்பி அனுப்பிய பெண்பிள்ளை அந்த வருடம் முழுக்க அறையில் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அதற்கடுத்த வருடம் பனியனுக்குப் பிசிறு வெட்டப் போய்விடுகிறாள். அதன்பிறகு எந்த அட்டை வந்து என்ன?

இவ்வளவும் சொன்னால் அடுத்த கேள்வி வரும். "பீகார், ஒடிசா சரி. அவங்களும் இந்தியர்கள். நேபாளி, சிலோன்காரன் பிள்ளைக்கு எப்படி?" அரசியலமைப்பை எழுதியவர்களுக்குக் குடிமகன் என்று எழுதத் தெரியாமல் இல்லை. வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு தரும் 16-ஆவது கூறிலும், பேச்சுரிமை தரும் 19-ஆவது கூறிலும் குடிமக்கள் என்றுதான் இருக்கிறது. 2002-இல் 86-ஆவது திருத்தம் கொண்டுவந்த 21ஏ கூறு 6 முதல் 14 வயதுள்ள எல்லாக் குழந்தைகளும் என்கிறது. கல்வி உரிமைச் சட்டமும் ஒவ்வொரு குழந்தையும் என்றே சொல்கிறது. அடுக்குமாடி வாசலில் காவல் நிற்கும் நேபாளத்துக்காரரின் மகளும் அதில் அடக்கம். டெல்லியில் ரோஹிங்கியா பிள்ளைகள் விஷயம் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, அரசுப் பள்ளிகளை அணுகட்டும், மறுத்தால் உயர் நீதிமன்றம் போகட்டும் என்றே நீதிபதிகள் சொன்னார்கள். அவ்வளவு தூரம் ஏன், நம் கேளம்பாக்கத்தில் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கியிருந்த ரோஹிங்கியா குடும்பத்துப் பிள்ளைகள் பக்கத்து அரசுப் பள்ளியில் உட்கார்ந்து தமிழ் படித்தவர்கள். 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களின் பிள்ளைகள் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் நம் பிள்ளைகளோடுதானே படித்தார்கள்? எந்தப் பள்ளி இடிந்து விழுந்தது?

"அமெரிக்காவைப் பாருங்க, விடுவானா?" பார்த்தேன். ஆவணமில்லாத பிள்ளைகளைச் சேர்க்க மறுக்கலாம் என்று டெக்சாஸ் மாநிலம் 1975-இல் ஒரு சட்டம் போட்டது. டைலர் என்ற ஊரின் பள்ளி நிர்வாகம், ஆவணமில்லாத மெக்சிகோ பிள்ளைகளிடம் வருடத்துக்கு 1,000 டாலர் கேட்டது. பெற்றோர்கள் வழக்குப் போட்டார்கள். 1982 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. பெற்றவர் செய்ததற்குப் பிள்ளையைத் தண்டிக்காதே என்பதுதான் தீர்ப்பின் சாரம். தள்ளுங்கள் அடுத்ததை.

"நம்ம பிள்ளைங்க இடம் போயிடும்." அரசுத் தொடக்கப் பள்ளியில் இடம் போகிறதா? ஆள் இல்லாமல் பள்ளியை மூடும் நிலை வந்து வருடங்கள் ஆகின்றன. சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள், 61 ஆனால் மூன்று. ஆகஸ்ட் 1 அன்று பதிவேட்டில் இருக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். 58 பேரோடு நிற்கும் பள்ளியில் மூன்று ஜார்க்கண்ட் பிள்ளைகள் சேர்ந்தால் உங்கள் பேரனுக்கு இன்னொரு டீச்சர் கிடைப்பார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"தமிழ் தெரியாது, சேர்த்து என்ன புண்ணியம்?" தமிழ் வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சேர்க்கிற தலைமையாசிரியர்களே, சட்டத்தில் அதற்கு வடிகட்டல் என்று பெயர். முதல் முறைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம். பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்காமல், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுப்பதுதான் முறை. இன்னொன்று, வடக்கே இருந்து வந்தால் இந்தி என்று முடிவுகட்டுவதும் அறியாமைதான். பலாங்கிர் பிள்ளைக்கு வீட்டில் ஒடியா, ஜார்க்கண்ட் பிள்ளைக்குச் சந்தாலியாக இருக்கலாம். சூளைப் பக்கத்திலேயே பள்ளி நடத்தி, ஒடியாப் புத்தகம் வரவழைத்துச் சொல்லிக்கொடுத்த அனுபவம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு உண்டு. விளையாட்டு மைதானத்தில் மூன்று மாதம் விட்டால் தமிழ் தானாக வரும். முதலில் வருவது கெட்ட வார்த்தைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சட்டத்தின் கை 14 வயதோடு மடங்கிவிடுகிறது. இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்து 12-ஆம் வகுப்பு முடித்த பிள்ளை, விண்ணப்பத்தில் குடியுரிமை கேட்கும் இடத்துக்கு வந்ததும் திணறுகிறது. 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர் என்றால், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பால் குடியுரிமை. 2004 டிசம்பர் முதல் இன்னும் இறுக்கம். 2021-இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், நல்லது. அந்தப் பிள்ளையின் சிக்கல் மாறவில்லை.

என்னைக் கேட்டால் டி.சி. என்ற தாளையே ஒழித்துவிட வேண்டும். நான் இதைச் சொன்னால் என் பழைய சகாக்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பிள்ளை எங்கே படித்தது, எத்தனாம் வகுப்பு என்பதெல்லாம் எமிஸில்தான் இருக்கிறதே, பிறகு தாள் எதற்கு? ஃபீஸ் பாக்கிக்குப் பிணையாகப் பிடித்துவைக்கத்தான். 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் டி.சி. என்பது கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல என்று கண்டித்து, சேர்க்கைக்கு அதைக் கேட்டு வற்புறுத்தாதபடி உத்தரவிடச் சொன்னது. உத்தரவு போடுவதோடு நிறுத்தாமல் அச்சடிப்பதையே நிறுத்துங்கள்.

அதுவரை, பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் வெறும் வாயால் கேட்க வேண்டாம். பெயர், வயது, முன்பு படித்த வகுப்பு, இப்போதைய விலாசம் நான்கையும் வெள்ளைத்தாளில் எழுதி, நகல் ஒன்று கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள். மறுத்தால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பதிவேட்டைத் திறந்துவிடுவார்கள். திறக்காவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் அந்த நகலோடு போங்கள். கல்வித் துறையின் 14417 எண்ணுக்கும் சொல்லிவையுங்கள். காண்ட்ராக்டர்களே, ஆள் பிடிக்கத் தெரிந்த உங்களுக்கு அவர்கள் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனைப் பள்ளிவரை போகவும் தெரியும்.