ஆடுபுலியாட்டமும் அதனை ஆடும் நெறியும்

தாயம் ஆடும்போது சோகி விழும் வகையே ஆட்டத்தை நடத்துகின்றது. அங்கே வல்லவனும் தோற்பதுண்டு. நேற்றுப் பழகியவன் வெல்வதுமுண்டு. சதுரங்கத்திலும் ஆடுபுலியாட்டத்திலும் அதற்கு இடமில்லை. காய்கள் யாவும் இருவர் கண்முன்னும் கிடக்கின்றன. தோற்றவன் தன் ஊழை நொந்துகொள்ள இயலாது. இவ்வாட்டங்கள் இளைஞர் உள்ளத்தைக் கவர்வதற்கு இதுவே தலையாய காரணமென நாம் கருதுகின்றோம்.

சதுரங்கத்திற்கு இக்காலத்தில் ஆதரவு மிகுதி. 2022ஆம் ஆண்டில் உலக நாடுகளின் சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2024 டிசெம்பரிலே சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது பதினெட்டாம் வயதிற் சிங்கப்பூரில் உலக வெற்றிவீரரானார். சதுரங்கம் பயில நூல்களும் ஆசிரியரும் உளர். ஆடுபுலியாட்டமோ பெரும்பாலும் பாட்டன் கையிலிருந்து பேரன் கைக்கு வந்தது. திண்ணையிலே கரிக்கட்டியாற் கோடு கீறி, புளியங்கொட்டைகளை ஆடுகளாகவும் கற்களைப் புலிகளாகவும் வைத்து ஆடினர். 1990ஐ அடுத்த ஆண்டுகளிற் குடாநாடு மின்சாரமின்றி, சாம்போத்தல் விளக்கின் ஒளியில் இராக்களைக் கழித்ததை நம்மிற் பலர் அறிவர். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோதும், இவ்வாட்டத்திற்கென எடுத்துச் செல்லவேண்டிய பொருள் யாதுமில்லை. ஆயினும் பாட்டனும் பேரனும் வேறு வேறு நாடுகளில் வாழ நேர்ந்தபின் கைவழிக் கல்வி எங்ஙனம் நிலைக்கும்? ஆதலின், மாணவர் பொருட்டு இதனைச் சிறிது விரித்தெழுதத் துணிந்தோம்.

உச்சிப்புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் கீழே விரிந்து அடிக்கோட்டை அடைகின்றன. இடையிலே மூன்று குறுக்குக்கோடுகள் இருபுறமும் நீண்டு, பக்கக்கோடுகளால் இணைக்கப்பட்டுச் செவ்வகமாகின்றன. உச்சி 1, குறுக்குக்கோடுகளில் ஆறாறாக 18, அடிக்கோட்டில் 4, ஆகப் புள்ளிகள் 23. புலிகள் 3, ஆடுகள் 15. ஆடுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும். பதினைந்தும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரலாகாது. புலி, தன்னை அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டிலே தாவி, அப்பாலுள்ள வெறும்புள்ளியில் விழுமாயின் அவ்வாடு மாண்டது. புலிகள் மூன்றும் அசையமுடியாது அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஆடு ஒன்றும் மாளாதிருப்பின் பலகையில் எஞ்சும் வெற்றிடம் ஐந்தே. ஓராடு வீழுந்தோறும் புலிக்கு ஓரிடம் கூடுகின்றது. ஐந்து வீழ்ந்தால் வெற்றிடம் பத்தாகும். பின்னர்ப் புலியை அடைப்பது அரிதினும் அரிது.

எப்பக்கத்தாலும் தாவப்படாத புள்ளிகள் ஏழு உள. அவை உச்சியும், செவ்வகத்தின் நான்கு மூலைகளும், அடிக்கோட்டின் இரு முனைகளுமாம். உச்சி பெரும்பாலும் புலியின் இருக்கை. ஏனைய ஆறிலும் முதலில் ஆடுகளை வைத்தல் நன்று. இரு மூலைகளும் நிரம்பியபின் அவற்றின் நடுப்புள்ளியும், இரு முனைகளும் நிரம்பியபின் அடிக்கோட்டின் இடைப்புள்ளிகளும் காவல் பெறுகின்றன. இவ்வாறு ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கட்டினால் பத்து ஆடுகள் அசைக்கொணா அரணாகும். புலியாடுவோன் இதனைக் கண்டு வாளாவிருப்பானல்லன். ஒரு புலியை இடையே இறக்கி அரணைப் பிளக்க முயல்வான். அங்ஙனம் இறங்கிய புலியை விரட்ட முயலாது அங்கேயே சூழ்ந்துகொள்க. உச்சியிலுள்ள புலியை அடைக்க, கோட்டுக்கு இரண்டாக எட்டு ஆடுகள் வேண்டும். மூலையிற் சிக்கிய புலிக்கு நான்கு போதும்.

பதினைந்தும் இறங்கியபின்னரே உண்மையான சோதனை வருகின்றது. அப்போது ஏதேனும் ஓராட்டை நகர்த்தியே ஆகவேண்டும்; நகரும் ஒவ்வோர் ஆடும் தன் பின்னே ஒரு வெற்றிடத்தை விட்டுச் செல்கின்றது. ஆடு எங்கே போகின்றது என்று பார்ப்பவன் தோற்கின்றான். அது விட்டுச்சென்ற இடத்தாற் காவலிழந்த அயலாடு எது என்று பார்ப்பவனே தேறுகின்றான். நமது மாணவர் பலர் ஆடுகளை எடுத்து இருமுறை தோற்றவுடன், ஆடுகள் வெல்லவே மாட்டா எனக் கூறிப் புலியைக் கேட்கின்றனர். நான்கு புலிகளும் இருபது ஆடுகளும் கொண்ட நேபாளத்துப் புலியாட்டத்தைக் கணினியால் ஆராய்ந்தோர், இருதிறத்தாரும் பிழையின்றி ஆடின் எவர்க்கும் வெற்றியில்லை எனக் கண்டனர். நம் பலகை வேறாயினும், இச்செய்தி மாணவருக்கு ஊக்கமளிக்கத் தக்கதே.

புலியாடுவோர்க்குச் சொல்ல வேண்டியது குறைவு. மூன்றையும் ஓரிடத்தில் நிறுத்தாதிருத்தல். ஆடு கிடைக்கின்றதெனப் பாயுமுன், விழுமிடத்திலிருந்து மீள வழியுண்டா என நோக்குதல். வேண்டுமென்றே கொடுக்கப்பட்ட ஆட்டை உண்டு மூலையில் அகப்பட்ட புலிகள் பல. (பசி புலிக்கோ, ஆடுவோனுக்கோ?)

பயிலும் முறையும் எளிதே. ஒரே எதிரியுடன் பக்கம் மாற்றி மாற்றி ஆடுக. முதல் ஆடு மாண்ட இடத்திலே ஆட்டத்தை நிறுத்தி, மூன்று நகர்வு பின்சென்று மீண்டும் ஆடிப்பார்க்க.

ஊருக்கு ஊர் கோடுகளும் விதிகளும் வேறுபடுதல் உண்டு. ஆட்டினை நாய் என வழங்குவாரும் உளர். எத்தனை ஆடு வீழின் புலிக்கு வெற்றி என்பதிலும் ஒருமைப்பாடு இல்லை. பழைய மாணவர் தத்தம் ஊரில் ஆடிய வகையைத் தாளிற் கீறி, விதிகளையும் எழுதி அனுப்புவாராயின், விடுதி மாணவர் அவற்றை ஒவ்வொன்றாக ஆடிப்பார்க்க ஆயத்தமாயுள்ளனர்.