கோடு நிறைய இருக்கிறது. காணொளி ஏன் சுற்றுகிறது?

மாணவர்களே, தங்காக் பட்டணத்தில் கைப்பேசியில் காணொளி பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். கார் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் ‘லைன்’ இறங்கிவிடுகிறது. இது பலருக்கும் பழகிய அனுபவம். இன்னும் சிலருக்கு வேறு சிக்கல். திரையில் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கும். ஆனால் காணொளி ஓடாமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இது படிப்பையே பாதித்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் சபா மாநிலத்தின் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி, லைன் கிடைப்பதற்காக மரத்தில் ஏறி அமர்ந்து தேர்வு எழுதினார். நாடே அதைப் பார்த்தது. கிராமங்களுக்கு வேகமான இணையத்தைக் கொண்டுசெல்வது ஏன் இவ்வளவு கடினம்? இந்த வாரம் அதன் அறிவியலைப் பார்ப்போம்.

மலை உச்சியில் ஒரே கோபுரம் போதாதா?

நம் மாவட்டத்தில் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை இருக்கிறது. உயரம் கூடினால் அலை எட்டும் தூரமும் கூடும். ஒரு கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்குங்கள். அங்கிருந்து தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 45 மீட்டர் கோபுரத்துக்கு ஏறக்குறைய 24 கி.மீ.; லேடாங் உச்சிக்கு ஏறக்குறைய 127 கி.மீ. வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புக்கு இந்த உயரம் மிகவும் உதவுகிறது.

ஆனால் இணையம் ஒருவழிப் பாதை அல்ல. கோபுரம் பேசுவது உங்களுக்குக் கேட்டால் மட்டும் போதாது; உங்கள் கைப்பேசி பேசுவதும் கோபுரத்துக்குக் கேட்க வேண்டும். கைப்பேசி அனுப்பும் ஆற்றல் அதிகபட்சம் ஏறத்தாழ 0.2 வாட்தான். மேலும், ஒரே கோபுரத்தை இரண்டு மூன்று மாவட்டங்கள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது சில துளிகளே. அதனால்தான் சிறிய கோபுரங்கள் பல தேவைப்படுகின்றன.

அலையும் தடையும்

அலைநீளம் = ஒளியின் வேகம் ÷ அதிர்வெண். 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 43 செ.மீ. 5ஜி-க்குப் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது 8.6 செ.மீ. மட்டுமே. நீண்ட அலை, மேட்டின் விளிம்பில் நன்றாக வளைந்து மறுபக்கம் செல்லும். குறுகிய அலை அவ்வளவாக வளையாது. நீர் நிறைந்த செம்பனை ஓலைகளும் குறுகிய அலையைத்தான் அதிகம் உறிஞ்சுகின்றன.

அப்படியானால் எல்லா இடத்திலும் 700 மெகாஹெர்ட்ஸையே பயன்படுத்தலாமே? அந்தப் பகுதியில் கிடைக்கும் அலைவரிசை குறைவு. தூரம் போகும், ஆனால் ஒரே நேரத்தில் சுமக்கும் தரவு குறைவு. முன்பு இந்த அலைவரிசையில் தொலைக்காட்சி இருந்தது. 2019 அக்டோபர் 31-இல் நாடு முழுவதும் பழைய அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்ட பிறகுதான் அது கைப்பேசிச் சேவைக்குக் கிடைத்தது.

கோபுரத்துக்குப் பின்னால் என்ன?

கைப்பேசியில் தெரியும் கோடுகள், உங்களுக்கும் கோபுரத்துக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே காட்டுகின்றன. கோபுரத்திலிருந்து தரவு எப்படி வெளியே செல்கிறது என்பதை அவை சொல்வதில்லை.

தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் குழாய் பெரிதாக இருந்தாலும், வழியில் ஓரிடத்தில் குழாய் குறுகலாக இருந்தால் அந்தக் குறுகல் விடும் அளவு நீர்தான் வரும்.

மிகச் சிறந்த ‘குழாய்’ கண்ணாடி இழை, அதாவது ஃபைபர். அதனுள் ஒளி முழு அக எதிரொளிப்பு மூலம் பயணம் செய்கிறது. நான்காம் படிவ இயற்பியலில் நீங்கள் படிக்கும் அதே தத்துவம்தான். நல்ல கண்ணாடி இழையில் சுமார் 15 கி.மீ. சென்ற பிறகே ஒளியின் ஆற்றல் பாதியாகக் குறைகிறது. ஆனால் சில வீடுகளே உள்ள இடத்துக்குப் பல கிலோமீட்டர் இழை பதிப்பது செலவு மிகுந்த வேலை. இழை எட்டாத கோபுரங்கள் நுண்ணலை மூலம் அடுத்த கோபுரத்துடன் பேசுகின்றன. கோபுரத்தில் மத்தளம் போல வட்டமாகத் தெரியும் கருவி அதற்கானது. அதற்கு இரு கோபுரங்களும் நேர்ப்பார்வையில் இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு: நுண்ணலை இணைப்பு நொடிக்கு 300 மெகாபிட் கொடுக்கிறது என வைத்துக்கொள்வோம். இரவு 9 மணிக்கு 100 பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் ஒருவருக்கு 3 மெகாபிட். தெளிவான காணொளிக்குச் சுமார் 5 மெகாபிட் வேண்டும். கோடு நிறைந்திருந்தும் வட்டம் சுற்றுவது இதனால்தான்.

செலவு யாருடையது?

இலாபம் கிடைக்காத இடத்தில் நிறுவனங்கள் தாமாகக் கோபுரம் கட்டத் தயங்கும். அதனால் மலேசியாவில் உரிமம் பெற்ற தொடர்பு நிறுவனங்கள், கணக்கிடப்பட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை ஒரு பொது நிதிக்குக் கொடுக்கின்றன. அந்த நிதி உட்புறப் பகுதிகளின் இணைய வசதிக்குப் பயன்படுகிறது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் (எம்சிஎம்சி) அதை நிர்வகிக்கிறது.

2020-இல் தொடங்கிய ஜென்டேலா திட்டத்தின் முதல் கட்ட இலக்கு, மக்கள் வாழும் பகுதிகளில் 4ஜி சேவையை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவது. 2021 இறுதிக்குள் 3ஜி நிறுத்தப்பட்டு, அதன் அலைவரிசை 4ஜி-க்கு மாற்றப்பட்டது. ஆனால் 96.9 என்ற எண்ணைப் பார்க்கும்போது மீதி 3.1-ஐயும் கேளுங்கள். கோபுரம் கட்ட மிகக் கடினமான, செலவு மிகுந்த இடங்கள் அதில்தான் இருக்கின்றன.

அங்கே துணைக்கோள் உதவலாம். 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள துணைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஏறத்தாழ அரை நொடி ஆகும். நேரலை வகுப்பில் அது தெரியும். 2023-இல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்கின் துணைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுவதால் தாமதம் மிகக் குறைவு; ஆனால் கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் பணம் வேண்டும்.

நீங்களே அளந்து பாருங்கள்

‘லைன் மோசம்’ என்று சொல்வது புகார். அளந்து சொல்வது சான்று. ஒரே கைப்பேசி, ஒரே சிம் அட்டை. இவை மாறாதிருக்க வேண்டிய மாறிகள். வேகச் சோதனைச் செயலியைக் கொண்டு இப்படிச் செய்யுங்கள்:

1. இடம்: வீட்டுக்குள், வாசலில், சாலையோரத்தில்.
2. நேரம்: காலை 7, பிற்பகல் 3, இரவு 9.
3. ஒவ்வொன்றிலும் மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள்.
4. பதிவிறக்கம், பதிவேற்றம், தாமதம் ஆகியவற்றை அட்டவணையில் எழுதுங்கள்.

சோதனைக்கே நிறைய தரவு செலவாகும். பெற்றோரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இனி அட்டவணையைப் படியுங்கள். வாசலில் நன்றாகவும் வீட்டுக்குள் மோசமாகவும் இருந்தால், தகரக் கூரையோ சுவரோ தடுக்கிறது. பிற்பகலில் நன்றாகவும் இரவில் மோசமாகவும் இருந்தால், கோபுரமோ அதன் பின்னுள்ள இணைப்போ நெரிசலில் இருக்கலாம். எல்லா நேரத்திலும் கோடும் வேகமும் குறைவாக இருந்தால், அலையே சரியாக எட்டவில்லை. மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. நெரிசலுக்கு இழை வேண்டும். எட்டாத இடத்துக்குக் கோபுரம் வேண்டும்.

இந்த அட்டவணையைப் பெற்றோர் அல்லது ஆசிரியர் துணையுடன் சேவை நிறுவனத்துக்கும் எம்சிஎம்சி-யின் புகார்ப் பிரிவுக்கும் அனுப்பலாம். பத்து வீட்டு மாணவர்கள் சேர்ந்து அளந்தால் ஒரு தோட்டத்தின் இணைய வரைபடமே கிடைத்துவிடும்.

சிந்திக்க: 20 மெகாபைட் வீட்டுப்பாடக் கோப்பை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்? (1 பைட் = 8 பிட். விடை: 80 நொடிகள்.) உங்கள் வீட்டின் பதிவேற்ற வேகத்தில் எவ்வளவு நேரம் ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.