கடலுக்கு எதற்குப் போகிறார்கள்? பண்பாட்டு வேற்றுமையைக் கற்பிக்க ஒரு பாடம்

எங்கள் சேவூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் கடலை நேரில் பார்த்தவர்கள் யார் என்று கேட்டால் நாலைந்து கைகளே உயர்கின்றன. இந்தப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும் செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் வேலை பார்ப்பவர்கள். தை, மாசி மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் இருந்து அவர்கள் முடித்து அனுப்பும் மெல்லிய டி-ஷர்ட்டுகளில் ஒரு பங்கு, ஐரோப்பாவில் கோடை பிறந்ததும் கடற்கரைக்குப் போகிறவர்களின் பைகளில் இருக்கும்.

சமூக அறிவியல் வகுப்பில் வெளிநாட்டுக் கடற்கரைப் படம் ஒன்றைக் காட்டியபோது வகுப்பே சிரித்தது. "மொட்டை வெயில்ல போய்ப் படுத்துக் கெடக்கறாங்களே, மண்டை காயாதுங்களா சார்?" என்றான் ஒருவன். "வெட்கமே இல்லீங்க சார்" என்றாள் ஒரு மாணவி. இதே சிரிப்பை நான் மதிய உணவு நேரத்திலும் கேட்டிருக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்து எங்களிடம் படிக்கும் மாணவி டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எழுந்த சிரிப்பு அது. படத்தில் இருப்பவர்களுக்கு நம் சிரிப்பு கேட்கப் போவதில்லை. பக்கத்து பெஞ்சில் இருப்பவளுக்குக் கேட்கும். இந்த இரண்டு சிரிப்பும் ஒன்றுதான் என்று பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக நான்கு பாடவேளைகளில் ஒரு பாடத்தை அமைத்தேன். அதன் போக்கை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நோக்கமும் தேவையானவையும்

பிறர் பழக்கத்தைக் கண்டதும் "ஏன் இப்படி இருக்கிறார்கள்!" என்று முடிவு கட்டாமல், "ஏன் இப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்கப் பழகுவதே இப்பாடத்தின் நோக்கம். உலக வரைபடம், 1 மீட்டர் குச்சி, அளவு நாடா, பாகைமானி, கடற்கரைப் படங்கள் இரண்டு ஆகியவை போதும். ஒரு படம் வெளிநாட்டுக் கடற்கரை, மற்றொன்று நம்மூர்க் கடற்கரை. குடைகளும் கூட்டமும் தொலைவில் தெரியும் படமாகத் தேர்ந்துகொள்வது வகுப்புக்குப் பொருத்தமாக இருக்கும்.

முதல் பாடவேளை: கண்டது, தோன்றியது, காரணம்

கரும்பலகையில் இந்த மூன்று தலைப்புகளில் மூன்று பத்திகள் வரைந்தேன். படத்தைப் பார்த்து ஒவ்வொரு குழுவும் சொல்லச் சொல்ல எழுதினோம். "வெட்கமில்லாமல் படுத்திருக்கிறார்கள்" என்று ஒரு குழு சொன்னது. "படுத்திருப்பது படத்தில் தெரிகிறது. வெட்கமில்லை என்பது எங்கே தெரிகிறது, தொட்டுக் காட்டுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது நாங்களா நெனைச்சதுங்க சார்" என்றார்கள். அந்தச் சொல் இரண்டாம் பத்திக்கு நகர்ந்தது. இப்படி ஒவ்வொரு வாக்கியத்தையும் பிரித்தபோது முதல் பத்தி சுருங்கி, இரண்டாம் பத்தி நிரம்பி வழிந்தது. மூன்றாம் பத்தியை வெறுமையாகவே விட்டுவைத்தோம்.

அடுத்து நம்மூர்ப் படம். நாம் எதற்குக் கடலுக்குப் போகிறோம்? இராமேசுவரம் அக்னி தீர்த்தத்தில் தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் நீராட. திருச்செந்தூர், வேளாங்கண்ணி செல்லும்போது கால் நனைக்க. மெரினாவில் வெயில் தாழ்ந்த பிறகு காற்று வாங்கி, சுண்டல் சாப்பிட. கடலோரத்தில் வாழ்பவர்களுக்கோ அதுதான் வயல், அதுதான் பட்டறை. "இதையெல்லாம் முன்பின் அறியாத ஒரு வெளிநாட்டவர் பார்த்தால் அவருடைய இரண்டாம் பத்தியில் என்ன எழுதுவார்?" என்று கேட்டேன். "கட்டுன சேலையோட கடல்ல எறங்கறாங்க, பைத்தியமான்னு எழுதுவாருங்க." "நீந்தவே தெரியாம அலைக்கிட்ட நின்னு கத்தறாங்கன்னு எழுதுவாரு." வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை தங்களைப் பார்த்தே சிரித்தார்கள்.

நாம் நம்முடையது என்று நினைக்கும் மெரினா மாலை உலாவிலேயே கடல் கடந்து வந்த ஒரு வழக்கம் கலந்திருப்பதையும் சொன்னேன். 1880களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் தான் அந்த நடைபாதையை அமைத்து மெரினா என்ற பெயரையும் வைத்தவர்.

இரண்டாம் பாடவேளை: நிழல் சொல்லும் காரணம்

நண்பகலில் மைதானத்தில் 1 மீட்டர் குச்சியை நட்டு, 12 மணி முதல் 12.40 வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்தோம். இருப்பதிலேயே குறைந்த நிழலைக் குறித்துக்கொள்ள வேண்டும். நம்மூர் ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்திருக்கும் டிசம்பர் 21 வாக்கில்கூட நண்பகலில் நம் தலைக்கு மேல் 55 பாகை உயரத்தில் நிற்கும். அன்று 1 மீட்டர் குச்சியின் நிழல் சுமார் 70 செ.மீ. தான். லண்டன் 51 பாகைக்கும் வடக்கே இருக்கிறது. அதே நாளில் அங்கே நண்பகல் சூரியன் 15 பாகை உயரமே ஏறும். நிழலோ சுமார் 3.7 மீட்டர். குச்சியை 5 செ.மீ. என்று வைத்துப் பாகைமானியால் நோட்டில் வரைந்தால் சேவூர் நிழல் மூன்றரை செ.மீ. வரும், லண்டன் நிழல் பக்கத்தின் அகலத்தையே ஏறக்குறைய நிரப்பிவிடும்.

பகற்பொழுதையும் ஒப்பிட்டோம். நமக்கு ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வேறுபாடு. லண்டனில் டிசம்பர் பகல் ஏறத்தாழ 8 மணி நேரம். ஜூன் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். அங்கே குளிர்கால வெயிலில் தோல் வைட்டமின் டி-யைத் தேவையான அளவு உருவாக்கிக்கொள்ள முடியாது. நமக்கோ சூரியன் சித்திரையில், ஏப்ரல் 20 வாக்கில், உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. ஒருவருக்கு ஆண்டில் சில மாதங்களே கிடைக்கும் விருந்து, மற்றவருக்கு ஒதுங்க நிழல் தேடவைக்கும் வெக்கை.

நோட்டில் வரைந்து முடித்த ஒரு மாணவன், "மார்கழியில எங்க அப்பாரு தீ மூட்டிக் குளிர் காய்வாருங்க. அப்ப இவங்களும் குளிர்தான் காயறாங்களா சார்?" என்று கேட்டான். மூன்றாம் பத்தியில் முதலில் ஏறிய வாக்கியம் அதுதான்.

மூன்றாம் பாடவேளை: நூற்பாலைத் தொழிலாளர்களின் கடற்கரை

அவர்களும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் கடல் நீராட்டு முதலில் மருந்தாகத்தான் பரவியது. மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750இல் கடல்நீரின் மருத்துவப் பயன் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் குளிப்பதோடு குடிக்கவும் சொன்னார். பெண்கள் சக்கரம் வைத்த மர அறைக்குள் ஏறி உடை மாற்றிக்கொள்வார்கள். குதிரை அந்த அறையைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். யார் கண்ணிலும் படாமல் தண்ணீரில் இறங்குவார்கள். உடல் முழுவதும் மூடிய உடை, வெயில் படாமல் குடை. வெளுத்த தோலே அழகு என்று அங்கும் நினைத்த காலம் அது. வெயில் காய்வது நாகரிகமானது 1920களில்தான். இதைக் கேட்டதும், "அப்ப அவங்க பாட்டிக்குப் பாட்டி நம்ம மாதிரிதான்" என்றாள் முதல் நாள் வெட்கத்தைப் பற்றிச் சொன்ன அதே மாணவி.

சேவூர்ப் பிள்ளைகள் மிகவும் ஒன்றிப்போனது பிளாக்பூல் கதையில்தான். இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்ற வட்டாரம் ஒரு காலத்தில் உலகத்துக்கே பருத்தித் துணி நெய்தது. ஓல்டாம், பர்ன்லி, போல்டன் போன்ற ஊர்களில் குடும்பம் குடும்பமாக ஆலை வேலைக்குப் போனார்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை 'வேக்ஸ்' வாரம் வரும். அடிப்படையில் அது தேவாலயத் திருவிழா, நம் ஊர் நோம்பி போல. அந்த வாரம் ஆலை மொத்தமும் நிற்கும். கொதிகலனைப் பழுது பார்ப்பார்கள். 1846இல் பிளாக்பூல் கடற்கரைக்கு ரயில் வந்ததும் ஊரே ரயிலேறிக் கடலுக்குப் போகத் தொடங்கியது. ஒவ்வோர் ஊருக்கும் வெவ்வேறு வாரம் என்பதால் கோடை முழுவதும் அங்கே கூட்டம் குறையவில்லை. தொழிலாளர் கூட்டத்தை நம்பியே 1894இல் 158 மீட்டர் உயரக் கோபுரம் திறக்கப்பட்டது.

அந்த வாரத்துக்குக் கூலி கிடையாது. ஆண்டு முழுவதும் வாராவாரம் சீட்டுப் போலச் சேர்த்த பணத்தில்தான் போனார்கள். தங்குமிடத்துக்கு அரிசி, பருப்பு கொண்டுபோவது போல அவர்களும் மளிகையைக் கையோடு எடுத்துப் போய்க் கொடுக்க, விடுதிக்காரம்மா சமைத்துத் தருவார். ஊதியத்துடன் கூடிய விடுமுறைச் சட்டம் 1938இல் வந்த பிறகே இந்த நிலை பரவலாக மாறியது.

"நம்மூர்ல எப்பக் கம்பெனி மொத்தமா நிக்கும்?" என்று கேட்டேன். "தீபாவளிக்குங்க, பொங்கலுக்குங்க." போனஸ் வாங்கிக்கொண்டு தேனிக்கும் மதுரைக்கும் பேருந்து ஏறும் கூட்டமும், வடக்கே போகும் ரயில்களுக்குக் காத்திருக்கும் கூட்டமும் அவர்களுக்குத் தெரிந்த காட்சி. லங்காஷயர்க்காரர் கிடைத்த ஒரு வாரத்தில் கடலுக்குப் போனார். நம்மவர் பிறந்த ஊருக்குப் போகிறார். ஓய்வுக்கான ஏக்கம் ஒன்று, அது போய்ச் சேரும் இடம் வேறு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, வேலை செய்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு என்று வகுத்ததையும் சொன்னேன். வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரிடம், "ஒரு வாரம் சம்பளத்தோடு லீவு கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு எழுதி வருவதே வீட்டுப்பாடம். "தூங்குவேன்" என்பதுதான் பெரும்பாலான நோட்டுகளில் இருந்த பதில். ஒரு தாய் மட்டும், "இந்த டி-ஷர்ட்ட எங்க போட்டுட்டுப் போறாங்கன்னு பார்த்துட்டு வருவேன்" என்று சொல்லியிருந்தார்.

நான்காம் பாடவேளை: நாம் அயலாராகும்போது

இப்போது நாம் பயணியாகிறோம். குழுவுக்கு ஒரு நாடு.

மாலத்தீவு: தூத்துக்குடியிலிருந்து தோணிகள் சரக்கு கொண்டுபோகும் நாடு. வெள்ளியும் சனியும் அங்கே வார விடுமுறை. உல்லாச விடுதிகளுக்கென ஒதுக்கிய தீவுகளில் நீச்சலுடைக்குத் தடையில்லை. மக்கள் வாழும் தீவுகளில் அதற்கென ஒதுக்கிய கரையில் மட்டுமே அனுமதி. விருந்தினரின் வழக்கமும் வீட்டுக்காரரின் வழக்கமும் மோதாமல் இருக்க ஒரு நாடு கண்ட ஏற்பாடு இது.

இலங்கை: பௌர்ணமிதோறும் போயா விடுமுறை, அன்று மது விற்பனை கிடையாது. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது அவமதிப்பாகக் கருதப்படும்.

தாய்லாந்து: ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு, நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருவது. அங்கே பிறர் தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு. காலை நீட்டி எதையும் சுட்டக்கூடாது. காலைப் பற்றிய விதி பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது, நாமும் பெரியவர்கள் முன் கால் நீட்டி உட்காருவதில்லை. தலையைப் பற்றியதுதான் வியப்பு. "எங்க அமுச்சி தலையத் தொட்டுத்தான ஆசீர்வாதம் பண்ணும்!" அன்பைக் காட்டும் அதே கை இன்னோர் ஊரில் தவறாகிவிடும் என்பதை இதைவிட எளிதாக நான் விளக்கியிருக்க முடியாது.

பின்னர், "நம்மூருக்குப் புதிதாக வருபவருக்கு எது விளங்காது?" என்று கேட்டேன். ஒடிசா மாணவி முதன்முறையாகத் தானே கை உயர்த்தினாள். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் "நான் போறேன்" என்று சொன்னாளாம். "போறேன்னு சொல்லாத கண்ணு, வர்றேன்னு சொல்லு" என்று பாட்டி பதறினாராம். போகிறவள் ஏன் வருகிறேன் என்று சொல்ல வேண்டும் என்பது அவளுக்குப் பல நாள் புரியவில்லை. எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் அது விந்தையாகத் தோன்றியதே இல்லை.

கடலை அதிகம் அறிந்தவளும் அவள்தான். பூரிக் கடற்கரையில் நீராடுபவர்களுக்குத் துணையாக நிற்கும் நூலியா என்ற மீனவர்களைப் பற்றிச் சொன்னாள். கார்த்திகைப் பௌர்ணமியில் சிறு படகுகள் செய்து நீரில் விடுவார்கள் என்றாள். பாலித் தீவு வரை கலம் செலுத்திய முன்னோரின் நினைவு அது. கடைசியாக, டிபன் பாக்ஸில் இருப்பது பகாளா என்றாள். சோற்றில் நீர் ஊற்றி வைத்தது, வெயிலுக்குக் குளிர்ச்சி. "அட, பழைய சோறு!" என்றது வகுப்பு.

மதிப்பீடும் கவனிக்க வேண்டியவையும்

தெரியாத ஒரு பழக்கத்தைக் கொடுத்து மூன்று பத்தி அட்டவணையை நிரப்பச் சொல்வதே மதிப்பீடு. காரணத்தைச் சரியாகச் சொன்னார்களா என்பதைவிட, கண்டதையும் தோன்றியதையும் பிரித்தார்களா என்பதற்கே நான் மதிப்பெண் தருகிறேன். காரணம் தெரியாத இடத்தில் ஒரு கேள்வியை எழுதினால் முழு மதிப்பெண்.

"எல்லாத்துக்கும் காரணம் இருக்குதுன்னா எல்லாப் பழக்கமும் சரிங்களா சார்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். அதைத் தவிர்க்க வேண்டாம். இரட்டைக் குவளைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆனால் அது இன்னொரு மனிதரை இழிவுபடுத்துகிறது, சட்டப்படி குற்றம். காரணத்தை அறிவது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. "இதனால் யாருக்காவது தீங்கோ இழிவோ உண்டா?" என்பதை நான்காவது பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வெளிமாநிலப் பிள்ளைகளை எழுந்து நின்று பேசும்படி வற்புறுத்தவும் கூடாது. அவர்களாகக் கை உயர்த்தும் வரை காத்திருக்க வேண்டும்.

தொடக்க வகுப்புகளுக்கு நிழல் கணக்கும் வரலாறும் தேவையில்லை. "உங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் என்ன தருவீர்கள்?" என்ற ஒரே கேள்வியும், கண்டது–தோன்றியது என்ற இரண்டு பத்திகளும் போதும். கடலோர மாவட்ட ஆசிரியர்கள் இதே பாடத்தைத் திருப்பி நடத்தலாம்: கடலைத் தினமும் பார்க்கும் பிள்ளைகளுக்கு, கடலே இல்லாத ஒரு பனியன் ஊரின் படத்தைக் காட்டித் தொடங்குங்கள்.