ஒருங்கிணைந்த விருத்திச் சூழலும் என்டர்பிரைஸ் ஜாவா பீனும் – ஓர் அறிமுகம்



நிரலாக்க அலகில் பஸ்கால் மொழியில் சிறிய நிரல்கள் எழுதியிருப்பீர்கள். இரண்டு எண்களைக் கூட்டுதல், சராசரி காணுதல், சித்தியா இல்லையா எனத் தீர்மானித்தல் என்பன போன்றவை அவை. அவற்றுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. ஒரு கணினியில் ஒருவர் இருந்து இயக்குவார்; விடை வரும்; நிரல் முடிந்துவிடும். ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்தும் நிரலை எழுதுவது எவ்வாறு? அதற்கான வழிகளில் ஒன்றே என்டர்பிரைஸ் ஜாவா பீன், சுருக்கமாக ஈ.ஜே.பி. இப்பெயர் சாதாரண தரப் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் ஒருங்கிணைந்த விருத்திச் சூழல், அதாவது ஐ.டி.ஈ., உண்டு. அதன் தேவையை உணர்வதற்கு ஈ.ஜே.பி. நல்ல உதாரணம்.

பிரச்சினை

வவுனியாவுக்கு வடக்கே 1990 இல் நின்றுபோன புகையிரத சேவை 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் மீண்டும் தொடங்கியது. கொழும்பு செல்லும் புகையிரதமொன்றில் ஓர் ஆசனம் மாத்திரம் மீதியாக உள்ளது எனக் கொள்வோம். கிளிநொச்சிக் கருமபீடத்தில் ஒருவரும் வவுனியாக் கருமபீடத்தில் ஒருவரும் அதே கணத்தில் அதனைக் கேட்கின்றனர். நமது போலிக்குறிமுறை இது:

தொடக்கம்
மீதியை வாசி
மீதி > 0 எனின்
மீதி = மீதி – 1
பயணச்சீட்டை வழங்கு
இன்றேல்
"ஆசனம் இல்லை" எனக் காட்டு
முடிவு

இதில் பிழை உண்டா? பரீட்சகர் முழுப் புள்ளியும் தருவார். ஆனால் கிளிநொச்சி மீதியை வாசித்து 1 எனக் காண்கிறது. அது கழித்து எழுதுவதற்கு முன்னரே வவுனியாவும் வாசித்து 1 எனக் காண்கிறது. இருவருக்கும் சீட்டு வழங்கப்படும். இரண்டு பயணிகள், ஓர் ஆசனம்! இரவுப் புகையிரதமாயின் சண்டை கொழும்பு வரை நீளும்.

ஈ.ஜே.பி. செய்வது என்ன?

இத்தகைய பிரச்சினைகளைக் கையாளும் பகுதியை ஒவ்வொரு நிறுவனமும் தானே எழுதுவது வீண்வேலை. எனவே 1998 இல் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் ஈ.ஜே.பி. 1.0 ஐ வெளியிட்டது. வேலைப்பிரிப்பே இதன் அடிப்படை. "மீதி இருந்தால் சீட்டு வழங்கு" என்ற விதியை மட்டும் நாம் பீனில் எழுதுவோம். பல பயனரைச் சமாளித்தல், அனுமதி பார்த்தல், கொடுக்கல் வாங்கல் பாதியில் நின்றால் பழைய நிலைக்கு மீட்டல் ஆகியவற்றைச் சேவையகத்திலுள்ள கொள்கலன் என்னும் மென்பொருள் கவனிக்கும்.

அமர்வு பீன்கள் மூவகைப்படும். ஸ்டேட்லெஸ் பீன் உணவகப் பரிமாறுபவரைப் போன்றது. யாரிடம் கேட்டாலும் தேநீர் வரும், முன்பு கேட்டது அவர் நினைவில் இருக்க வேண்டியதில்லை. ஸ்டேட்ஃபுல் பீன் உங்கள் அளவை எழுதி வைத்திருக்கும் தையற்காரர். 2009 இல் சேர்க்கப்பட்ட சிங்கிள்ரன் பாடசாலை மணி போன்றது, எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஐ.டி.ஈ. இல் தொடங்குதல்

ஆரம்பப் பதிப்புகளில் ஒரு பீனுக்கே பல கோப்புகள் தேவைப்பட்டன. 2006 இல் வந்த 3.0 பதிப்பில் வகுப்பின் தலையில் @ குறியுடன் ஸ்டேட்லெஸ் என ஒரு சொல் எழுதினாலே போதும் என்றாயிற்று. நெற்பீன்ஸ் இதற்கு ஏற்ற, இலவசமான ஐ.டி.ஈ. அது 1996 இல் பிராக் நகரின் சார்ள்ஸ் பல்கலைக்கழக மாணவர்களின் செயற்றிட்டமாகத் தொடங்கியது. இன்று அப்பாச்சி அமைப்பிடம் உள்ளது.

முதலில் ஜே.டி.கே. ஐயும், பின்னர் நெற்பீன்ஸையும் கிளாஸ்பிஷ் சேவையகத்தையும் நிறுவுங்கள். புதிய செயற்றிட்டத்தில் வலைப் பிரயோகம் என்பதைத் தெரிந்து, சேவையகமாகக் கிளாஸ்பிஷைக் கொடுங்கள். செயற்றிட்டப் பெயரின்மீது வலப்பொத்தானைச் சொடுக்கி, புதியது என்பதில் அமர்வு பீனைத் தெரிந்து, ஸ்டேட்லெஸ் எனக் குறியுங்கள். வகுப்பின் சட்டகத்தை ஐ.டி.ஈ. தானே எழுதித் தரும். ஆசனம் வழங்கும் முறையை நீங்கள் எழுத வேண்டும்.

இங்கு இரண்டு இடங்களில் மிகுந்த அவதானம் தேவை.

பீனை அழைக்கும் வகுப்பில் நியூ என்ற சொல்லால் அதனை உருவாக்கக் கூடாது. @ குறியுடன் ஈ.ஜே.பி. என எழுதி, கொள்கலனிடமே அதனைக் கேட்க வேண்டும். நியூ மூலம் உருவாக்கினாலும் நிரல் தொகுக்கப்படும், சிவப்புக் கோடும் வராது. ஆனால் அது கொள்கலனுக்குத் தெரியாத சாதாரணப் பொருள். மேற்கூறிய பாதுகாப்பு ஒன்றும் அதற்குக் கிடையாது.

அடுத்தது, மீதி என்ற மாறியைப் பீனுக்குள் வைக்கக் கூடாது. கொள்கலன் ஒரே ஸ்டேட்லெஸ் பீனின் பல பிரதிகளை வைத்திருக்கும். கிளிநொச்சிக்கு ஒரு பிரதியும் வவுனியாவுக்கு இன்னொன்றும் பதிலளித்தால் இரண்டு "மீதி" உருவாகும். நாம் தொடங்கிய சண்டையே மீண்டும் வரும். மீதி தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். அதனை வாசிக்கும்போதே அப்பதிவைப் பூட்டும்படி நிரலில் கேட்கவும் வேண்டும். அப்போது வவுனியா, கிளிநொச்சி முடிக்கும் வரை காத்திருந்து 0 என வாசிக்கும். கொடுக்கல் வாங்கல் முடியுமுன் மின் நின்றுபோனாலும் மீதி மீண்டும் 1 ஆகும். பூட்டும்படி ஐ.டி.ஈ. நினைவூட்டாது, அது எழுத்துப் பிழையைப் பிடிக்கும், தருக்கப் பிழையைப் பிடிக்காது. இவ்வேறுபாடு வினாத்தாளிலும் கேட்கத்தக்கது.

இயக்கும்போது வழு வந்தால் ஆங்கிலச் செய்தியைக் கண்டு உடனே மூடிவிடாதீர்கள். அதில் 8080 என்ற எண் இருந்தால், அந்தத் துறையை வேறொரு மென்பொருள் பிடித்திருக்கக் கூடும். பழைய குறிப்புகளில் பொதிப் பெயர்கள் ஜாவாஎக்ஸ் எனத் தொடங்கும். 2020 இல் வெளியான ஜகார்த்தா ஈ.ஈ. 9 இலிருந்து அவை ஜகார்த்தா என மாறிவிட்டன. புதிய சேவையகத்தில் பழைய பெயரை எழுதினால் இயங்காது.

பயிற்சி

1. ஐ.டி.ஈ. ஒன்றில் அடங்கும் மூன்று கருவிகளைப் பெயரிட்டு, ஒவ்வொன்றின் தொழிலையும் எழுதுக.
2. மேலுள்ள போலிக்குறிமுறையைப் பாய்ச்சற் கோட்டுப்படமாக வரைக. எந்த இரு படிகளுக்கிடையே வவுனியா குறுக்கிட்டால் ஓர் ஆசனம் இருவருக்கு விற்கப்படும் எனக் குறித்துக் காட்டுக.
3. முல்லைத்தீவில் மூன்றாவது கருமபீடம் திறக்கப்பட்டால் பீனில் மாற்றம் தேவையா? காரணம் தருக.