பக்கத்து ஷெட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை: தடுக்கச் சட்டம் உண்டா?

கேள்வி: வடக்குப்பட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய பழைய கம்பெனி ஷெட்டின் கூரையைப் பிரிக்கிறார்கள். ஷீட்டை கிரைண்டரால் அறுத்து, உடைசலை ஏரிக்கரையில் கொட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருப்பது குற்றமல்ல. ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை கேட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏற்கவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கைவிட்ட பொருள் இது. இலங்கையும் 2018 முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இருந்தது. 2017 டிசம்பரில் தேயிலையில் வண்டு கிடந்ததென்று ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் கொழும்பு பின்வாங்கியது. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) விற்பதில் ரஷ்யா முன்னணி நாடு என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்!

ஆனால் அறுப்பதும் கொட்டுவதும் வேறு சங்கதி. சிமெண்டில் இறுகிக் கிடக்கும் கல்நார் இழை, கிரைண்டர் பட்டதும் தூசியாகப் பறக்கிறது. ஷீட்டை நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றுவதே சரியான முறை. முகத்தில் கட்டும் துண்டு இந்த இழையைத் தடுக்காது.

2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள், கழித்துப்போடும் கல்நாரையும் பட்டியலிட்டிருக்கின்றன. கம்பெனி ஷெட் என்பதால், இது அபாயகரக் கழிவு என்ற வாசகரின் வாதத்துக்கு வலு உண்டு. குடியிருப்பு வீடாக இருந்தால் எதிர்த்தரப்பு இழுத்தடிக்க இடமுண்டு. அபாயகரக் கழிவு போக வேண்டியது கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற கழிவு அகற்றும் மையத்துக்கு; ஏரிக்கரைக்கு அல்ல.

கூரைமேல் நிற்கும் தினக்கூலிக்காரர் நிலைதான் மோசம். 1995 ஜனவரி 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், தொழிலாளியின் ஆரோக்கியத்தை அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின்கீழ் அடிப்படை உரிமையாக்கியது. கல்நார்த் தொழிலாளரின் மருத்துவப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்கச் சொன்னது. கல்நார்த் தூசியால் வரும் நோய் தலைகாட்டவே பல பத்தாண்டுகள் ஆகும் என்பதுதான் காரணம். மஸ்டர் ரோலிலேயே பெயர் இல்லாத ஒப்பந்த ஆளுக்கு எந்தப் பதிவேடு?

வாசகர் உடைசலைத் தொடாமல், தேதி தெரியும்படி படம் எடுக்கட்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் ஊராட்சிக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு; பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவு. அதிலும் நகரவில்லையென்றால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. அங்கே 14-ஆவது பிரிவில் மனுப் போடக் கெடு ஆறு மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்.