வளையும் அலை, தெரியும் வானிலை

ஒளிவிலகல் பாடத்தில் கிண்ணத்து நாணயச் சோதனையை நாம் எல்லோரும் செய்துகாட்டுகிறோம். தண்ணீர் ஊற்றியதும் மறைந்திருந்த நாணயம் தெரியும். நான் அதோடு நிறுத்துவதில்லை. ஒரே அளவான இரு கிண்ணங்களில் ஒன்றில் நீரையும் மற்றொன்றில் சமையல் எண்ணெயையும் சம உயரத்துக்கு ஊற்றுவேன். எண்ணெயில் நாணயம் இன்னும் சற்று மேலே தெரியும். “நாணயம் இருக்கும் இடம் நமக்குத் தெரியும், அப்படியானால் விலகலை வைத்தே உள்ளே இருப்பது எது என்று சொல்லலாமா?” என்று கேட்பேன். இன்றைய வானிலைக் கணிப்பில் இந்தக் கேள்விக்கு ஓர் இடம் உண்டு.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. தாழ்வாகச் சுற்றும் இன்னொரு செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால், அவை பூமியின் விளிம்புக்குப் பின்னே மறையும். மறையும் அந்த ஓரிரு நிமிடங்களில் ரேடியோ அலை வளிமண்டலத்தைக் கடந்து வருகிறது. காற்றின் அடர்த்திக்கும் ஈரத்துக்கும் ஏற்ப வளைகிறது, சற்றே தாமதிக்கிறது. இரண்டின் இடமும் துல்லியமாகத் தெரியும் என்பதால், தாமதத்திலிருந்து ஒவ்வோர் உயரத்திலும் உள்ள வெப்பநிலை, நீராவி விவரங்களைக் கணக்கிடலாம்.

1965இல் மரைனர் 4 செவ்வாய்க்குப் பின்னே மறைந்தபோது அக்கோளின் வளிமண்டலத்தை ஆராய்ந்ததும் இதே வழியில்தான். பூமிக்காக 2006இல் தைவானும் அமெரிக்காவும் ஆறு செயற்கைக்கோள்களை ஏவின. 2011இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற மேகா-டிராபிக்ஸிலும் இதற்கான கருவி இருந்தது.

மேகமும் மழையும் இந்த அலையை மறிப்பதில்லை. வானிலை பலூன் விட ஆளில்லாத நடுக்கடலிலும் அளவு கிடைக்கிறது. நம் கரைக்கு வரும் புயல் உருவாவது அங்கேதானே!